கர்ணன் சுழன்ற ராத்திரி

ராத்திரி மணி மூணேகால். செய்யாறு பக்கத்து ஒரு கிராமம், ஆடி மாதம், மாரியம்மன் கோயில் எதிரே கூத்துக்களம். புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துப் பாட்டி என் தோளிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். எதிரே பதினைந்து அடி தூரத்தில் கர்ணன் சுழல்கிறான். கிரிக்கி அடிக்கிறான் என்பார்கள் கூத்துக்காரர்கள். சலங்கை ஆலங்கட்டி மழை மாதிரி கொட்டுகிறது, கிரீடத்துக் கண்ணாடிச் சில்லுகள் ஃபோகஸ் லைட்டை வாரி வாரி ஜனங்கள் முகத்தில் எறிகின்றன, இடுப்புத் துணி குடையாக விரிந்து புழுதியைக் கிளப்புகிறது. கேமராவைத் தூக்கி அழுத்தினேன். பின்னால் இருக்கும் சின்னத் திரையைப் பார்த்தேன். பார்த்ததும் என்னையறியாமல் "டேய்!" என்று கத்திவிட்டேன். பாட்டி திடுக்கிட்டு எழுந்து, "என்னப்பா, பூச்சி ஏதும் கடிச்சிடுச்சா?" என்றாள்.

இல்லை பாட்டி, பூச்சி இல்லை. பதினாறு வருஷமாக என் கேமராவுக்குள் வரமாட்டேன் என்று அடம்பிடித்த கர்ணன் அந்த நொடியில் முழுசாக உள்ளே வந்துவிட்டான். அதைத்தான் கத்தினேன்.

இன்றைக்கு யார் என்னிடம் வந்து "பழைய கேமரா நல்லாத்தானே இருக்கு, புதுசு வாங்கறது அவசியமா?" என்று கேட்டாலும் எனக்கு நாக்கு ஊறுகிறது. உட்காரவைத்துக் காபி கொடுத்து இந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லாமல் விடமாட்டேன். நீங்களும் உட்காருங்கள்.

என் பழைய கேமரா நிக்கான் டி90. 2008 ஆகஸ்டில் அறிவித்தார்கள், 2009ல் நான் வாங்கினேன். முதல் போனஸ் முழுக்க அதில்தான் போயிற்று. அந்தக் கேமராவைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லிவிட்டால் எனக்கு இன்றும் பொறுக்காது! வீடியோ எடுத்த முதல் டி.எஸ்.எல்.ஆர். அதுதான், தெரியுமா? அதற்குமுன் அந்த மாதிரிக் கேமராவில் வீடியோ என்ற பேச்சே கிடையாது. 12.3 மெகாபிக்ஸல். கையில் எடுத்தால் நல்ல வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் மாதிரி கெட்டியாக நிற்கும். ஒரு தடவை பேட்டரி ஏற்றினால் 850 படம் என்று கம்பெனியே கணக்குக் கொடுத்திருந்தது. அக்காவின் கல்யாணம், அவள் மகளின் காதுகுத்து, அப்பாவின் கடைசிப் பொங்கல் எல்லாம் அதில்தான் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிக்கொண்டு போனால் இன்றும் அது ராஜாதான். 12 மெகாபிக்ஸல் படத்தைப் பன்னிரண்டுக்கு எட்டு அங்குலத்தில் பிரிண்ட் போட்டால் மயிரிழை தெரியும். 24 இருந்தால்தான் படம், 45 இருந்தால்தான் படம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது பகல் இல்லையே! எனக்குப் பிடித்தது கூத்து. தெருக்கூத்து பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும், விடிய விடிய நடக்கும். ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் தாளமும் சேர்ந்து அடிக்கிற அடியில் தூக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. வெளிச்சம்? கம்பத்தில் கட்டிய நாலு விளக்கு. ஒன்று மஞ்சள், ஒன்று நீலம் அடிக்கும், ஒன்று அணைந்து அணைந்து எரியும். அந்த வெளிச்சத்தில் கண்ணுக்கு எல்லாம் தெரியும், அற்புதமாகத் தெரியும். டி90க்குத் தெரியாது. அதன் ஐ.எஸ்.ஓ., அதாவது இருட்டிலும் வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுகிற அளவு, 3200 வரைதான், அதற்கு மேல் ஒரு படி தள்ளலாம், தள்ளினால் கர்ணன் முகத்தில் எள்ளைத் தூவின மாதிரிப் புள்ளி. 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8 வரை முழுசாகத் திறந்து, 3200 வைத்து, அப்புறம் கிடைக்கிற ஷட்டர் வேகம் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு. நின்று பாடுகிற தருமருக்கு அது போதும். சுழல்கிற கர்ணனுக்கு? நினைத்துப் பாருங்கள், அறுபதில் ஒரு பங்கு நொடிக்குள் அவன் கை எங்கேயோ போய்விடும். படத்தில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு செம்மண் கலங்கல் இருக்கும்.

"ஃபிளாஷ் போட்டா ஆச்சு" என்பீர்கள். போட்டேனே! முதல் வருஷம் போட்டேன். மறுநாள் காலை வேஷம் கலைத்துக்கொண்டிருந்த ஒரு மூத்த கலைஞர், கோபமே இல்லாமல், முகத்து வண்ணத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, நீ மின்னல் அடிக்கறப்ப எனக்கு ரெண்டு நொடி தரையே தெரியல. அடி தப்பிப்போச்சு." எனக்குச் சுருக்கென்று தைத்தது. முழுக் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புக்கட்டையும் கட்டிக்கொண்டு கல்லும் முள்ளும் கிடக்கிற தெருவில் சுழல்கிறவர் கண்ணில் வெளிச்சத்தை அடித்திருக்கிறேன். அன்றைக்கு ஃபிளாஷைக் கழற்றினவன்தான், இன்றுவரை மாட்டவில்லை. படத்தையும் ஃபிளாஷ் கெடுக்கத்தான் செய்தது. விளக்குகள் பார்த்துப் பார்த்துப் போட்ட நிழலையெல்லாம் அழித்துவிட்டு, கர்ணனை ஆதார் அட்டைப் படத்துக்கு உட்காரவைத்த மாதிரி ஆக்கிவிடும்.

ஆக, பதினாறு வருஷம் நான் எடுத்ததெல்லாம் நிற்கிற கூத்து. பாடுகிற வாய், வேஷம் கட்டுகிற கை, தூங்குகிற குழந்தை. நல்ல படங்கள்தான். ஆனால் ஆட்டம் இல்லை! கூத்தில் ஆட்டத்தை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? அதற்குக் காரணம் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கை நடுங்குகிறது, நேரம் தப்புகிறது, திறமை போதவில்லை என்று. மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், தூணில் சாய்ந்து பார்த்தேன், சுழற்சி ஒரு கணம் தயங்கித் திசை மாறுகிற இடத்துக்குக் காத்திருந்து பார்த்தேன். நூறு படத்தில் ஒன்று தேறும். செல்போனையும் விட்டுவைக்கவில்லை. ராத்திரிப் படம் எடுக்கும்போது அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. கோபுரத்துக்கு அது அருமை. சுழல்கிற ஆளுக்கு மூணு கை முளைத்துவிடும்!

2025 ஏப்ரலில் நிக்கான் இசட்5-டூ வந்தது. விலை லட்சத்தைத் தாண்டி நின்றது. ஒரு மாதம் நான் சாப்பிடும்போதும் அதைப் பற்றியே பேசினேன். என் மனைவி கடைசியில் ஒரு நாள், "என்னங்க, இவ்ளோ பேசறதுக்கு ஒரு ராத்திரி வாடகைக்கு எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள். இதைவிடப் புத்திசாலித்தனமான யோசனையை எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை. சென்னையில் ஒரு வாடகைக் கடையில் ஆதார் நகலும் முன்பணமும் கொடுத்து, கேமராவும் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் இரண்டு நாளைக்கு எடுத்தேன். பஸ்ஸில் காஞ்சிபுரம் தாண்டும்வரை பையை மடியில் வைத்து, கைக்குழந்தையை அணைத்த மாதிரி அணைத்துக்கொண்டே போனேன். நிஜமாகச் சொல்கிறேன், கல்லூரி முதல் நாளில்கூட என் வயிற்றில் இத்தனை பட்டாம்பூச்சி பறக்கவில்லை.

ஒன்பது மணிக்கு வேஷம் கட்டுகிற கொட்டகைக்குள் நுழைந்தேன். கொட்டகை என்றால் நாலு கழி, ஒரு தார்ப்பாய், ஒரே ஒரு பல்பு. அரிதார வாசனை, எண்ணெய் வாசனை, பீடி வாசனை எல்லாம் கலந்து கிடக்கிறது. கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடங்கள் வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கின்றன. அந்த மரம் எடை குறைவு, அதனால்தான் அதில் செய்கிறார்கள். அதே மூத்த கலைஞர், இன்றைக்குக் கர்ணன், ஒரு சின்னக் கைக்கண்ணாடியை இடது கையில் பிடித்துக்கொண்டு, ஈர்க்குச்சி நுனியால் கன்னத்தில் வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். "வாப்பா தம்பி, புது ஆயுதமா?" என்றார். "வாடகை ஆயுதம்ண்ணே" என்றேன். அவர் சிரித்தபோது கேமராவைக் கண்ணில் வைத்தேன். வைத்த உடனே ஒரு குதி குதித்தேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி நினைத்துப் பாருங்கள். பழைய கேமராவில் நீங்கள் பார்ப்பது கண்ணாடி வழியே வருகிற வெளிச்சம். இடம் இருட்டு என்றால் பார்ப்பதும் இருட்டு. படம் எப்படி வரும் என்பது எடுத்த பிறகுதான் தெரியும். புதியதில் அந்தக் கண்ணாடியே கிடையாது. உள்ளே ஒரு குட்டித் திரை, எடுக்கப்போகிற படத்தை எடுப்பதற்கு முன்னாலேயே காட்டுகிறது. என் வெறுங்கண்ணுக்கு நிழலாகத் தெரிந்த கொட்டகை மூலையில், துரியோதனன் வேஷக்காரர் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவது அதில் பளிச்சென்று தெரிந்தது! அதோடு, கர்ணனின் கண்மேல் ஒரு சின்னக் கட்டம் தானாகப் போய் உட்கார்ந்தது. மை தீட்டின கண், சுற்றிலும் வண்ணம், நெற்றியில் நாமம். இவ்வளவுக்கும் நடுவில், "இதுதானே கண்?" என்று கேமரா கேட்கிறது. அவர் தலையைத் திருப்பினார், கட்டமும் திரும்பியது. அவர் குனிந்தார், அதுவும் கூடவே குனிந்தது. டி90ல் ஃபோகஸ் பண்ண மொத்தம் 11 புள்ளி, அதிலும் நடுப்புள்ளி ஒன்றைத்தான் இருட்டில் நம்பமுடியும். அந்த ஒரு புள்ளியை முகத்தின்மேல் வைத்து, பிடித்து, சட்டத்தை நகர்த்தி, அதற்குள் ஆள் நகர்ந்து... அந்தப் பாடெல்லாம் ஒரே நிமிஷத்தில் போச்சு!

பதினொன்றரைக்கு முதல் திரை. கூத்தில் திரை என்றால் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடிக்கிற ஒரு துணிதான். அதற்குப் பின்னால் சலங்கை மட்டும் கேட்கும், கிரீடத்தின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும், கால் மட்டும் தெரியும். பின்பாட்டு உயர உயர ஜனங்களுக்கு மூச்சு முட்டும். உலகத்தில் இதைவிடப் பெரிய அறிமுகக் காட்சி கிடையாது! துணி அசைவதற்கு முன் ஒரு கணம் எல்லாம் நிற்குமே, அதை எடுத்தேன். ஷட்டரை முப்பதில் ஒரு பங்குக்குக் குறைத்து, வெறுங்கையில், ஸ்டாண்டு இல்லாமல். கேமராவுக்குள் சென்ஸாரே மிதக்கிறது, கை ஆடுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தானும் ஆடி நடுக்கத்தைக் கழித்துவிடுகிறது. திரைத்துணியின் நெசவு தெரிந்தது. பிடித்திருந்த பையனின் நகத்து அழுக்கு தெரிந்தது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இது என் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும். எதிரே ஆடுகிறவனை நிறுத்தாது. ஆடுகிறவனை நிறுத்த வேகமான ஷட்டர் வேண்டும், வேகமான ஷட்டருக்கு வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் இல்லாத இடத்தில் ஐ.எஸ்.ஓ. வேண்டும். எல்லாம் அந்த இடத்தில்தான் போய் முட்டும்.

இரண்டு மணிக்கு மேல் பொன்னுருவி வந்தாள். அன்றைக்கு நடந்த கர்ண மோட்சம் கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், போருக்குப் புறப்படுகிற கணவனை வழிமறித்து அவள் நடத்துகிற அந்த வாக்குவாதம்! ஆண்தான் பெண் வேஷம் கட்டியிருக்கிறார், ஆனால் ஐந்து நிமிஷத்தில் அதை நீங்கள் மறந்துவிடுவீர்கள். அவள் குலத்தைச் சொல்லிக் குத்துகிறாள், அவன் தலைகுனிகிறான், பின்பாட்டு இழைகிறது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். கர்ணன் என் பக்கம் பத்தடி தூரத்துக்கு வந்து நின்றான். 12800 ஐ.எஸ்.ஓ., இருநூற்று ஐம்பதில் ஒரு பங்கு. ஒரு வியர்வைத் துளி நெற்றி வண்ணத்தைக் கரைத்துக்கொண்டு, புருவத்தைத் தாண்டி, கன்னத்து வெள்ளைப் புள்ளி ஒன்றில் முட்டி நிற்கிறது. அது படத்தில் இருக்கிறது! அந்தத் துளிக்குள் விளக்கு ஒரு பொட்டாகத் தெரிகிறது!

அப்புறம் மூணேகால். எப்படிச் சொல்வேன், சொல்லும்போதே எனக்குக் கை சில்லிடுகிறது. சமாதானம் சொல்லி முடித்து அவன் போருக்குக் கிளம்புகிறான், மிருதங்கக்காரர் ஒரு அடி அடித்து நிறுத்துகிறார், ஒரு மூச்சு நேரம் மௌனம், அடுத்த அடியில் களமே பற்றிக்கொள்கிறது, அவன் சுழல ஆரம்பிக்கிறான், ஒன்று, இரண்டு, மூன்று, எண்ண முடியவில்லை, நான் ஐ.எஸ்.ஓ.வை 25600க்குத் தள்ளுகிறேன், அந்த எண்ணைப் பார்க்கவே பயமாக இருக்கிறது, பழைய கேமராவில் அப்படி ஒரு எண்ணே கிடையாது, ஷட்டரை ஐந்நூறில் ஒரு பங்குக்கு ஏற்றுகிறேன், பதினாறு வருஷம் அறுபதில் கிடந்தவன் ஐந்நூறுக்கு ஏற்றுகிறேன், கண்ணை வைக்கிறேன், அவன் முகம் வரும்போதெல்லாம் கட்டம் அதில் பாய்கிறது, முகம் முதுகாகத் திரும்பினால் தலையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது, மறுபடி முகம் வந்ததும் கண்ணில் போய் விழுகிறது, என் விரல் அழுத்திக்கொண்டே இருக்கிறது, டரடரடரவென்று ஷட்டர் ஓடுகிற சத்தமும் மிருதங்கத்தின் சத்தமும் எனக்குள் ஒன்றாகிவிட்டன, புழுதி வாயில் போகிறது, எனக்கு அதெல்லாம் தெரியவில்லை, அவன் நிற்கிறான், ஜனம் ஓவென்று கத்துகிறது, நான் திரையைப் பார்க்கிறேன். காற்றில் கர்ணன் நிற்கிறான்! இரண்டு காலும் தரையில் இல்லை, சலங்கை மணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காலை விட்டு விலகி நிற்கின்றன, இடுப்புத் துணி வட்டமாக விரிந்து நிற்கிறது, கிளம்பின புழுதி ஒரு ஒளிவட்டமாகச் சுற்றி நிற்கிறது. இத்தனை வேகத்துக்கும் நடுவில் அந்த முகம், கல் மாதிரி அமைதியாக, போகப்போகிற இடம் தெரிந்தவன் முகமாக, நேராகப் பார்க்கிறது. அந்த முகம் அத்தனை வருஷமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது, ஒவ்வொரு கூத்திலும், ஒவ்வொரு சுழற்சியிலும். என் கண்ணாலும் அதைப் பார்க்க முடிந்ததில்லை, அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குத்தான் கத்தினேன்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், முப்பத்தொன்பது வயது ஆள், புழுதியில் உட்கார்ந்து அழுதேன்.

இது மாயமில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய ஆச்சரியம். மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு சொம்பும் ஒரு அண்டாவும் வையுங்கள். எதில் தண்ணீர் அதிகம் சேரும்? டி90ன் சென்ஸார் 23.6க்கு 15.8 மி.மீ., புதியது 36க்கு 24. பரப்பளவைப் பெருக்கிப் பாருங்கள், இரண்டேகால் மடங்குக்கு மேல்! ஒரே விளக்கு, ஒரே கர்ணன், ஆனால் அண்டாவில் சேர்கிற வெளிச்சம் அதிகம். அதற்கு மேல் இன்னொன்று. பழைய சென்ஸாரில் மின்கம்பிகளெல்லாம் வெளிச்சம் விழுகிற பக்கத்திலேயே ஓடும், முற்றத்துக்கு மேலே கொடிக்கயிறு கட்டித் துணி காயப்போட்ட மாதிரி. புதியதில் அந்தக் கம்பிகளைப் பின்பக்கம் தள்ளிவிட்டார்கள். இப்போது முற்றம் திறந்து கிடக்கிறது, விழுகிற துளியெல்லாம் உள்ளே. ஃபோகஸ் விஷயத்தைக் கேளுங்கள்: டி90 மைனஸ் 1 இ.வி. இருட்டுவரை ஃபோகஸ் பண்ணும் என்று கம்பெனி சொன்னது, புதியது மைனஸ் 10 வரை என்கிறது. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும். ஒன்பது படி என்றால் 512ல் ஒரு பங்கு! எஃப் 1.2 லென்ஸ் போட்டுப் பார்த்த கணக்கு அது, என் லென்ஸில் அவ்வளவு தூரம் போகாது. போகாவிட்டால் என்ன, கிராமத்துக் கூத்துக்கு அதில் பாதி போதும்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். என் அருமை 50 மி.மீ. லென்ஸுக்கு உள்ளே மோட்டார் கிடையாது, பழைய கேமராவின் மோட்டார்தான் அதைச் சுழற்றியது. புதிய உடம்பில் நிக்கான் அடாப்டர் போட்டு மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் திருப்பவேண்டும். பேட்டரி கொஞ்சம் சாப்பிடும், விடியவிடியக் கூத்துக்கு மாற்று பேட்டரி இரண்டு பையில் இருக்கட்டும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டேன், எல்.இ.டி. விளக்கில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது. உடனே சாதா ஷட்டருக்கு மாறிவிட்டேன். மிருதங்கச் சத்தத்தில் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது! இடையில் ஒரு தரம் ஃபோகஸ் கட்டம் கர்ணனை விட்டுவிட்டு ஆர்மோனியக்காரர் முகத்துக்குத் தாவியது. அந்தப் படமும் நன்றாகவே இருக்கிறது. இவ்வளவுதான்!

அப்படியானால் எல்லாரும் வாங்கவேண்டுமா? வேண்டாம். இத்தனை மெய்மறந்து பேசுகிறவன்தான் சொல்கிறேன், வேண்டாம்! பகலில் கோயில் சிற்பம் எடுக்கிறீர்களா, ஸ்டாண்டு வைத்து மலையும் ஏரியும் எடுக்கிறீர்களா, பிள்ளைகள் விளையாடுவதை வெயிலில் எடுக்கிறீர்களா, உங்கள் பத்துப் பதினைந்து வருஷத்துக் கேமரா போதும். அந்தப் பணத்தில் ஒரு நல்ல லென்ஸ் வாங்குங்கள், இல்லை, பஸ் ஏறிப் புது ஊர் பாருங்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் உயிரைக் கொடுத்து நேசிக்கிற விஷயம் எந்த வெளிச்சத்தில் நடக்கிறது, எவ்வளவு வேகமாக நடக்கிறது? அந்த இடத்துக்கு உங்கள் கேமராவால் வரமுடிகிறதா? வரமுடியவில்லை என்றால், அது உங்கள் கைக்குறை இல்லை. நான் பதினாறு வருஷம் என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன், நீங்கள் திட்டவேண்டாம். முதலில் வாடகைக்கு எடுங்கள். நீங்கள் தோற்ற அதே இடத்துக்கு, அதே நேரத்துக்குக் கொண்டுபோங்கள். எடுத்ததைத் திரையில் பார்த்து முடிவு பண்ணாமல் பிரிண்ட் போட்டுப் பாருங்கள். அப்போது உங்களுக்கும் "டேய்!" என்று கத்தத் தோன்றினால், வாங்குங்கள்.

நான் வாங்கினேன். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன். பெட்டியைப் பிரித்த அன்று, டி90ஐத் துடைத்து, லென்ஸோடு அக்கா மகள் கையில் கொடுத்தேன். தன் காதுகுத்தை எடுத்த கேமரா என்று அவளுக்குத் தெரியும். "மாமா, இதுல என்ன எடுக்கலாம்?" என்றாள். "வெளிச்சம் இருக்கற வரைக்கும் என்ன வேணாலும் எடும்மா" என்றேன். இப்போது ஊர்க் குருவியையெல்லாம் அவள்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த மூணேகால் மணிப் படத்தைப் பதினெட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக்கொண்டு, மறுபடி செய்யாறு போனேன். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், மேல்சட்டை இல்லாமல், துண்டோடு. கர்ணன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். படத்தைக் கையில் வாங்கினார். நன்றாயிருக்கிறது என்று சொல்வார் என்று நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அவர் பேசவில்லை. தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார். கன்னத்து வெள்ளைப் புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நாப்பது வருஷமா ஆடறேன். ஆடறப்ப என் மூஞ்சி எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் அதற்குள் எழுந்துவிட்டார். வீட்டுக்குள் திரும்பி மகனைக் கூப்பிட்டார். பையனும் கூத்தில் வேஷம் கட்டுகிறவன். ஈரக் கையோடு ஓடிவந்தான். அவர் படத்தைத் திண்ணையில் சாய்த்து வைத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் காட்டினார்.

"பார்றா. கால் எங்க இருக்கு, கண்ணு எங்க இருக்கு பார். இதத்தான்டா உனக்கு இத்தன வருஷமா வாயால சொல்லிட்டிருந்தேன்."